ஓர் எழுத்து மாறினால் அப்பாவே மாறிவிடுவார்

பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இணையத்தில் எதற்காவது கணக்குத் தொடங்கியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். நீங்கள் மனிதர்தானா என்று சோதிக்க, கோணல்மாணலாக இரண்டு ஆங்கிலச் சொற்களைக் காட்டி, பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்வார்கள். எரிச்சலோடு அடித்துவிட்டு உள்ளே போயிருப்போம். அந்த இரண்டில் ஒரு சொல்லுக்குத்தான் கணினிக்கு விடை தெரியும். இன்னொன்று, ஏதோ ஒரு பழைய அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்தபோது கணினியால் படிக்க முடியாமல் போன சொல். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் பழைய இதழ்களிலிருந்து வந்த சொற்கள் அதில் ஏராளம். தெரிந்த சொல்லைச் சரியாக அடித்தவர் தெரியாததையும் சரியாகத்தான் அடித்திருப்பார் என்பது கணக்கு. பல பேர் ஒரே மாதிரி அடித்தால் அதையே விடையாக வைத்துக்கொள்வார்கள். ரீகேப்ட்சா என்று பெயர். 2007ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, 2009ல் கூகுள் வாங்கிக்கொண்டது. ஆக, நம்மில் பலர் நமக்கே தெரியாமல் பழைய செய்தித்தாளைப் படியெடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

இதையே தெரிந்து, விரும்பி, சம்பளம் இல்லாமல் செய்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது என்ன, அது ஏன் தேவைப்படுகிறது, ஊர் வரலாற்றுக்கும் குடும்பத்தின் கொடிவழிக்கும் அதனால் என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். நானும் இரண்டு மூன்று வருடமாக இதில் கொஞ்சம் கை வைத்தவன்.

கணினி எப்படிப் படிக்கிறது

பழைய செய்தித்தாள் ஒன்று கணினித் திரைக்கு வருவதற்குள் மூன்று பிறவி எடுத்துவிடுகிறது. முதலில் தாள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து செய்தித்தாளுக்கு மலிவான தாள்தான். மரக்கூழில் செய்தது, அமிலம் உள்ளது, ஐம்பது வருடத்தில் பழுத்து, நூறு வருடத்தில் தொட்டால் உதிரும். அதனால் நூலகங்கள் இருபதாம் நூற்றாண்டில் அவற்றை மைக்ரோஃபிலிம் என்ற படச்சுருளில் சின்னதாகப் படம் பிடித்து வைத்தன. இது இரண்டாம் பிறவி. பிற்பாடு அந்தச் சுருளையே ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார்கள். இது மூன்றாவது. ஒவ்வொரு பிறவியிலும் கொஞ்சம் அழுக்கு சேரும். தாளின் பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊறித் தெரியும். தைத்துக் கட்டிய தொகுதியில் நடு மடிப்பை ஒட்டிய பத்தி வளைந்து நிற்கும். சுருளில் விழுந்த கீறல் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடாக ஓடும். தேய்ந்த ஈய எழுத்தில் பாதிதான் மை பட்டிருக்கும்.

இந்தப் படத்தை எழுத்துணரி மென்பொருளிடம் கொடுக்கிறார்கள். ஓசிஆர் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். அது பக்கத்தைப் பத்திகளாகவும், பத்தியை வரிகளாகவும், வரியை எழுத்துகளாகவும் பிரித்து, ஒவ்வொன்றும் எந்த எழுத்து என்று ஊகிக்கிறது. ஊகம் தடுமாறினால் தன்னிடம் உள்ள அகராதியைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். ‘மருத்துவமனை’ என்பதில் ஓர் எழுத்து மங்கலாக இருந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடுவது இதனால்தான்.

சிக்கல் பெயர்களில் வருகிறது. பெயர் அகராதியில் இருக்காது. ஆங்கிலத்தில் ஆர் எழுத்தும் என் எழுத்தும் ஒட்டி நின்றால் மென்பொருள் அதை எம் என்று படிக்கும். பர்ன்ஸ் என்ற மரியாதையான குடும்பப் பெயர் பம்ஸ் ஆகிவிடும். (பின்பக்கம் என்று பொருள். சிரிக்கலாம், ஆனால் பர்ன்ஸ் குடும்பத்தின் பேரன் தாத்தாவைத் தேடும்போது அவர் கிடைக்க மாட்டார்.) ஹெச், பி ஆகும். சி, இ ஆகும். எட்டு, மூன்று ஆகும். மொத்தத்தில் ஒரு பக்கம் தொண்ணூறு சதவீதம் சரியாக வந்திருந்தாலும், மிச்சப் பத்தில் விழுவது பெரும்பாலும் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும் தேதியும்தான். குடும்ப வரலாறு தேடுகிறவருக்கு அந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

படம் இணையத்தில் பத்திரமாக இருக்கும், கண்ணால் பார்த்தால் படிக்கவும் முடியும். ஆனால் தேடுபொறி படத்தைப் படிப்பதில்லை, அதன் அடியில் ஒளிந்திருக்கும் எழுத்துப் படியைத்தான் படிக்கிறது. அந்தப் படியில் பெயர் தப்பாக இருந்தால், அந்த ஆள் கோடிப் பக்கங்களுக்கு நடுவே இருந்தும் இல்லாதவர். தன்னார்வலர் செய்வது இவ்வளவுதான்: படத்தைப் பார்க்கிறார், அடியில் உள்ள எழுத்துப் படியைத் திருத்துகிறார்.

ஆஸ்திரேலியா திறந்துவிட்ட கதவு

இதைப் பெரிய அளவில் முதலில் துணிந்து செய்தது ஆஸ்திரேலிய தேசிய நூலகம். 2008 ஆகஸ்டில் தங்கள் பழைய செய்தித்தாள் சேவையைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, பக்கத்தில் ஒரு திருத்தும் வசதியையும் சேர்த்து வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கணக்குகூடத் தேவையில்லை. மேற்பார்வையாளர் ஒப்புதல் கிடையாது. திருத்திச் சேமித்த மறுகணமே அது தேடலில் வந்துவிடும்.

நூலகக்காரர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ஊர் பேர் தெரியாத ஆட்கள் கையில் தேசத்தின் ஆவணத்தைக் கொடுத்தால் குட்டிச்சுவராக்கிவிட மாட்டார்களா? ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது சுமார் ஒரு லட்சம் கட்டுரைகளில் 20 லட்சம் வரிகள் திருத்தப்பட்டிருந்தன. நாசவேலை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. பெரிய விளம்பரமும் இல்லை. தாத்தா பாட்டியைத் தேடி வந்தவர்கள், தங்கள் குடும்பத்துப் பெயரைத் திருத்தினார்கள், அப்புறம் பக்கத்து வரியையும் திருத்தினார்கள், அப்புறம் நிறுத்தவில்லை. 2009 கடைசியில் அந்தச் சேவை ட்ரோவ் என்ற பெரிய தளத்துக்குள் சேர்ந்தது. இன்றைக்குத் திருத்தப்பட்ட வரிகள் பல கோடி.

அங்கே 1803ல் சிட்னியில் தொடங்கிய முதல் பத்திரிகையிலிருந்து, பெரும்பாலும் 1954 வரைக்குமான இதழ்கள் இருக்கின்றன. 1954 என்பது பதிப்புரிமை போட்ட எல்லை. அந்த முதல் பத்திரிகையை அச்சிட்ட ஜார்ஜ் ஹோவ் இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதி. கைதி அச்சிட்ட பத்திரிகையில் கைதிகளின் பேரன் பேத்திகள் மூதாதையரைத் தேடுகிறார்கள். கைதி வம்சம் என்பதை வெட்கமாக நினைத்து மறைத்த காலம் ஒன்று அங்கே இருந்தது. இப்போது அப்படி ஒருவர் கொடிவழியில் அகப்பட்டால் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறார்கள்.

பின்லாந்து தேசிய நூலகம் 2011ல் வேறு வழியில் போனது. திருத்தும் வேலையையே கணினி விளையாட்டாக்கிவிட்டார்கள். ஒரு சொல்லைச் சரியாக அடித்தால் பாலத்தில் ஒரு துண்டு சேரும், அதன்மேல் அகழெலிகள் ஆற்றைக் கடக்கும். தப்பாக அடித்தால் பாலம் இடிந்து எலி தண்ணீரில் விழும். நல்ல யோசனைதான். ஆனால் எனக்கு என்னவோ ஆஸ்திரேலிய முறைதான் பிடிக்கும். விளையாட்டில் சொல் தனியாக வருகிறது, யாருடைய கதை என்று தெரியாது. முழு அறிவிப்பும் கண்முன்னால் இருந்தால்தான் கை தானாக நிதானப்படும்.

ஒரு மரண அறிவிப்பு, நான்கு வரி

எனக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தூக்கம் வராத ஒரு ராத்திரி எதையோ தேடப்போய் அங்கே மாட்டினேன். புரோக்கன் ஹில் என்று நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஒரு சுரங்க ஊர். வெள்ளி, ஈயம், துத்தநாகம். அந்த ஊருக்கென்றே பேரியர் மைனர் என்று ஒரு நாளிதழ், 1888 முதல் 1954 வரைக்குமான பக்கங்கள் தளத்தில் இருக்கின்றன. நான் பெரும்பாலும் அதில்தான் உட்காருவேன்.

திரையின் ஒரு பக்கம் எழுத்துப் படி, வரி வரியாக. இன்னொரு பக்கம் பத்திரிகையின் படம். ஒரு வரியைத் தொட்டால் அது எழுதக்கூடிய பெட்டியாகிவிடும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டியது. ‘குடும்ப அறிவிப்புகள்’ என்று பிறப்பு, திருமணம், மரணம் மூன்றையும் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அங்கே தொடங்குவது நல்லது. நான்கே வரி, பத்து நிமிட வேலை, பலன் கைமேல்.

நான் கட்டிய ஒரு மாதிரியைத் தருகிறேன். நிஜ அறிவிப்புகளும் இந்தப் பாணியில்தான் இருக்கும்: ‘மரணம். சென்ற மாதம் 28ஆம் தேதி, ஆர்கென்ட் தெருவில் உள்ள மகனது இல்லத்தில், காலஞ்சென்ற ஜேம்ஸ் பர்ன்ஸ் என்பாரின் விதவை மேரி, வயது 62. ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் எடுத்து வெளியிட வேண்டுகிறோம்.’

எழுத்துணரி இதில் பர்ன்ஸை பம்ஸ் ஆக்கியிருக்கும். 62 என்பது 52 ஆகியிருக்கும். தெருவின் பெயர் உலகத்தில் இல்லாத ஒரு சொல்லாகியிருக்கும். மூன்றையும் திருத்த முப்பது விநாடி போதும். அதற்குப் பிறகு இந்த நான்கு வரியில் என்னவெல்லாம் கிடைக்கிறது பாருங்கள். ‘சென்ற மாதம்’ என்பதை ஆங்கிலத்தில் அல்ட் என்று மூன்றெழுத்தில் சுருக்கிப் போடுவார்கள். ‘இம்மாதம்’ என்றால் இன்ஸ்ட். இது தெரியாமல் 1891 மார்ச் 3ஆம் தேதி இதழில் ‘28 அல்ட்’ என்று பார்த்தவர் மார்ச் 28 என்று எழுதிவைத்தால், அந்தப் பாட்டி செத்ததாக அறிவிப்பு வந்த பிறகும் இருபத்தைந்து நாள் உயிரோடு இருந்திருப்பார். விதவையைக் குறிக்க ரெலிக்ட் என்று ஒரு சொல் போடுவார்கள். மிச்சம் என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. அதைப் பார்த்தாலே கணவர் முன்பே போய்விட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியில் ‘ஸ்காட்லாந்துப் பத்திரிகைகள் எடுத்து வெளியிட’ என்று கேட்கிறார்களே, அது ஏதோ சம்பிரதாயம் இல்லை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் போட்டது. குடும்பம் எங்கிருந்து கப்பலேறியது என்று தெரியாமல் திண்டாடும் ஒருவருக்கு அந்த ஒரு வரி போதும், தேட வேண்டிய திசை கிடைத்துவிடும்.

பிறப்பு அறிவிப்புகள் இன்னும் விசேஷம். ‘இம்மாதம் 3ஆம் தேதி, திரு. இன்னாரின் மனைவிக்கு, ஒரு மகள்.’ அவ்வளவுதான். பெற்றவள் பெயரும் இல்லை, பிறந்தவள் பெயரும் இல்லை. அப்பா பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். இதைத் திருத்தும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஆனாலும் நாமாக அம்மா பெயரைக் கண்டுபிடித்துச் சேர்க்கக் கூடாது.

உள்ளதை உள்ளபடி

இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: அச்சில் என்ன இருக்கிறதோ அதை அடி. அச்சுப்பிழை இருந்தால் பிழையோடு அடி. பழைய எழுத்துக்கூட்டல் என்றால் பழையபடியே அடி. பத்திரிகைக்காரர் தப்பாக எழுதியிருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், எழுத்துப் படியைத் தொடாமல், தனியாகக் குறிப்பு போட அங்கே இடம் இருக்கிறது.

சொல்வது சுலபம். ஆரம்பத்தில் ஸ்மித் என்ற பெயர் ஒரு திருமண அறிவிப்பில் ஐ எழுத்துக்குப் பதிலாக ஒய் எழுத்துடன் இருந்தது. அச்சுக்கோத்தவர் தூங்கிவிட்டார் போல என்று நினைத்து ‘சரி’ செய்தேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனால் வேறு யாரோ அதை மறுபடி ஒய் ஆக்கியிருந்தார். யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு முழுவதும் அங்கே பதிவாகும், அதில் என் பெயரும் அசிங்கமாக உட்கார்ந்திருந்தது. தேடிப் பார்த்தால் அந்தக் குடும்பம் எல்லா அறிவிப்பிலும் ஒய் போட்டுத்தான் எழுதியிருக்கிறது. அது அவர்கள் பெயர். ஐ போட்ட ஸ்மித் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஒய் போட்டவர் ஒரு குடும்பம். அந்த அடையாளத்தைத்தான் நான் அழித்திருந்தேன்.

இதனால்தான் இப்போது வரும் புத்திசாலி மென்பொருள்கள்மீது எனக்கு ஒரு பயம் உண்டு. பழைய எழுத்துணரி தெரியாவிட்டால் கிறுக்கித் தள்ளும். பார்த்தவுடனே இது தப்பு என்று புரியும். புதியவை அழகாக, நம்பும்படியாக, இருக்கக்கூடிய ஒரு பெயரைப் போட்டு நிரப்பிவிடும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. முதல் கட்ட வேலைக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம், நேரம் மிச்சம். பெயர் வரும் இடத்தில் மட்டும் படத்தைப் பார்க்காமல் நம்பக் கூடாது.

உள்ளதை உள்ளபடி என்பது சங்கடமான சொற்களுக்கும் பொருந்தும். வெள்ளைக்காரர் அல்லாதவர்களை அந்தப் பத்திரிகைகள் கேவலமாக எழுதியிருக்கின்றன. அதை நாகரிகப்படுத்தினால் வரலாறு பொய்யாகும், கூடவே தேடலும் கெடும். 1882ல் இலங்கையிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு டெவன்ஷயர் என்ற கப்பல் குவீன்ஸ்லாந்துக்குப் போனது. அவர்களைப் பற்றித் தேட இன்றைக்கு நாம் எழுதும் எழுத்துக்கூட்டலில் சிங்களர் என்று ஆங்கிலத்தில் அடித்தால் பெரிதாக ஒன்றும் வராது. அந்தக் காலத்துப் பத்திரிகைகள் முதலெழுத்துக்கு எஸ் போடாமல் சி போட்டு வேறு மாதிரி எழுதின. இந்துக்களை எழுதியபோது முடிவில் இரண்டு ஓ போட்டார்கள். பழைய பத்திரிகையில் தேடும்போது அவர்கள் வாயால்தான் கேட்க வேண்டும்.

அரசாங்க ஏட்டில் இல்லாதது

பிறப்பு, இறப்புப் பதிவுகள் அரசாங்கத்திடமே இருக்கும்போது பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். பதிவேட்டில் ஒருவர் பிறந்ததும் செத்ததும் இருக்கும். நடுவில் உள்ள ஐம்பது வருடம் இருக்காது. புரோக்கன் ஹில் போன்ற ஊரில் சுரங்க விபத்து நடந்தால் மரண விசாரணை நடக்கும், அடுத்த நாள் பத்திரிகையில் அரைப் பத்திக்கு வரும். கூட வேலை செய்தவர்கள் சாட்சி சொல்வார்கள். யார் முதலில் சத்தம் கேட்டது, யார் தூக்கி வந்தது, செத்தவர் தங்கியிருந்த விடுதி எது, ஊரில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பெயரோடு இருக்கும். பள்ளிப் பரிசளிப்பு விழாவில் மூன்றாம் பரிசு வாங்கிய பிள்ளையின் பெயர் இருக்கும். திருமணத்துக்கு யார் என்ன பரிசு கொடுத்தார்கள் என்று பட்டியலே போடுவார்கள், நம் மொய் நோட்டு மாதிரி. தபாலாபீஸில் வாங்கப்படாமல் கிடக்கும் கடிதங்களின் பட்டியல்கூட வரும். ஒருவர் அந்த ஊரில் இருந்தார் என்பதற்கு அது ஒன்றே சாட்சியாக இருந்துவிடும்.

இப்படி ஒரு சின்ன ஊரின் பத்து வருடப் பத்திரிகையைத் திருத்தி முடித்தால், அந்த ஊருக்கு யாரும் எழுதாத வரலாறு ஒன்று தானாகவே தேடக்கூடிய நிலையில் வந்து நிற்கிறது. அதை அந்த ஊர்க்காரர் செய்தால் இன்னும் நல்லது. தெருப் பெயர் மங்கலாக இருந்தாலும் ‘அட, இது அந்தத் தெரு’ என்று அவருக்குத் தெரியும். என் மாதிரி ஆள் வரைபடத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு தடவ வேண்டியிருக்கிறது.

தமிழில் இது ஏன் இன்னும் கஷ்டம்

ஆங்கிலப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. ஓர் இடத்தில் பிசகினாலும் இன்னோர் இடத்தில் பிடித்துவிடலாம். நமக்கு அப்படியா? நம் கொடிவழி ஒரே ஓர் எழுத்தில் தொங்குகிறது. க. முருகேசன் என்பதில் அந்தக் ‘க’தான் அப்பா. பழைய மங்கலான அச்சில் ‘க’வும் ‘சு’வும் ஒன்றுபோல இருக்கும். எழுத்துணரி க. முருகேசனை சு. முருகேசன் ஆக்கினால் அவருக்கு அப்பாவே மாறிவிடுவார். அகராதி இதில் ஒன்றும் செய்ய முடியாது, இரண்டும் சரியான பெயர்கள்தானே.

இதற்கு மேல் வேற்றுமை உருபு. ‘சுப்பிரமணியம்’ என்று தேடினால் ‘சுப்பிரமணியத்தின்’ கிடைக்காது, ‘சுப்பிரமணியனுக்கு’ம் கிடைக்காது. ‘சுப்பிரமணி’ என்று அடியை மட்டும் போட்டுத் தேட வேண்டும். அப்புறம் பழைய எழுத்து. தமிழ்நாட்டில் 1978ல் அரசாணை வரும்வரைக்கும் பெரும்பாலான அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவில்தான் இருந்தன. தும்பிக்கை வைத்த லை, கொக்கி போட்ட ணா. பெரியாரின் பத்திரிகைகள் 1935லேயே மாறிவிட்டன, மற்றவர்கள் மாறவில்லை. புது எழுத்தில் பழக்கிய மென்பொருள் இந்த இடத்தில் தடுக்கி விழும். நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களும் முதல் நாள் கொஞ்சம் விழிப்பார்கள், இரண்டு பக்கம் படித்தால் பழகிவிடும்.

இன்னும் பின்னால் போனால் தேதியே புதிர். எண்கள் தமிழ் எண்களாக இருக்கும். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படி என்பதற்கு ௸. இவை எல்லாம் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் இருக்கின்றன, ஆகவே உள்ளபடியே அடிக்கலாம். ‘சித்திரபானு ௵’ என்று மட்டும் இருந்தால் அது 1882ஆ, 1942ஆ? அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாளின் வகை, விளம்பரம், பக்கத்துச் செய்தி எதையாவது பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சித்திரையில் தொடங்கும் வருடம் என்பதால், தை மாதம் என்றிருந்தால் ஆங்கில வருடம் ஒன்று கூடிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆனால் தமிழுக்கு என்று ஒரு வரப்பிரசாதமும் உண்டு. யாழ்ப்பாணத்து மரண அறிவித்தல். ‘இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார். அன்னார், காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகளும், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், இன்னார், இன்னார், காலஞ்சென்ற இன்னார் ஆகியோரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் அன்புச் சகோதரியும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் பேர்த்தியாருமாவார்.’ (பேர்த்தியார் என்றால் அங்கே பாட்டி.) முதல்முறை படித்தபோது நான் அசந்துபோனேன். ஒரே வாக்கியத்தில் நான்கு தலைமுறை. யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பதும் ‘காலஞ்சென்ற’ என்ற ஒரு சொல்லில். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர் இரண்டும். அந்த வெள்ளைக்காரப் பிறப்பு அறிவிப்பில் அம்மாவுக்குப் பெயரே இல்லை. இங்கே ஒரு பெண்ணின் மரணத்தில் அவளுடைய அம்மாவின் பெயரும் வந்துவிடுகிறது. நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் படம் பெரிதாக இருக்கும், ‘இவண்’ என்று கீழே பெயர்கள் இருக்கும், யாருக்கு யார் என்ன உறவு என்பது பல நேரம் இருக்காது.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்கு நீண்ட வரலாறு. உதயதாரகை 1841 ஜனவரியில் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவரத் தொடங்கியது. 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய இரவுகளில் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் அப்போதுதான் எரிக்கப்பட்டது. பழைய இதழ் ஒன்று வேறு யார் வீட்டிலாவது மிஞ்சியிருந்தால்தான் உண்டு என்ற நிலை அங்கே பலமுறை வந்திருக்கிறது. 2005ல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் அப்படி மிஞ்சியவற்றைத் தேடி ஸ்கேன் செய்து வைத்துவருகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த இதழ்களையும் நூல்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994ல் தொடங்கியது. சிங்கப்பூர் தேசிய நூலகம் 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய பக்கங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. படங்கள் ஓரளவு சேர்ந்துவிட்டன. ஆளைப் பெயர் போட்டுத் தேடும் அளவுக்கு எழுத்துப் படி ஆகவில்லை. மிச்சம் கிடக்கும் வேலை இதுதான்.

தமிழில் கை பழக்க, விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான விக்கிமூலம் நல்ல இடம். செய்தித்தாளைவிடப் புத்தகங்களே அங்கே அதிகம் என்றாலும் வேலை அதேதான்: ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் எழுத்து, பார்த்துத் திருத்து. மெய்ப்பு பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் பார்த்துச் சரி என்றால் பச்சை. ஒரே ஆள் மஞ்சளும் பச்சையும் ஆக்க முடியாது. ட்ரோவில் இந்த இரண்டாவது கண் கிடையாது. பெயர்கள் நிறைந்த பக்கங்களுக்கு எனக்கு விக்கிமூலத்து முறைதான் மேல் என்று தோன்றுகிறது, வேகம் பாதியாகும் என்றாலும்.

வீட்டிலேயே தொடங்கலாம்

இணையதளம் எதுவும் வேண்டாம், வீட்டில் இருப்பதையே முதலில் செய்கிறேன் என்றால் அதுவும் சரிதான். டிரங்குப் பெட்டியில், பழைய ஆல்பத்தில், சாமி படத்துக்குப் பின்னால் கத்தரித்த தாள்கள் இருக்கும். தாத்தா ஓய்வு பெற்ற செய்தி, அத்தையின் பள்ளி இறுதித் தேர்வு முடிவு, பெரியப்பா இறந்த அறிவிப்பு. பகல் வெளிச்சத்தில் நேராக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேமினேஷன் செய்துவிடாதீர்கள், சூட்டில் தாள் இன்னும் கெடும், பிறகு பிரிக்கவும் முடியாது. அப்புறம் வரி மாறாமல் அடித்து வையுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். ‘இவர் யார் தெரியுமா?’ என்று அவர் தொடங்கினால் அதைத் தனித் தாளில் எழுதுங்கள், அறிவிப்போடு கலக்காதீர்கள்.

இதில் எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. கத்தரித்தவர் வேண்டிய பகுதியை மட்டும் அழகாகக் கத்தரித்திருப்பார். பத்திரிகையின் பெயரும் தேதியும் மேலே ஓரத்தில் போயிருக்கும். எங்கள் வீட்டில் கிடைத்த ஆறு துண்டில் ஒன்றில்கூடத் தேதி இல்லை. அப்போது தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் யாரும் கத்தரிக்க நினைக்காத பாதி விளம்பரம் ஏதாவது இருக்கும். எங்கள் துண்டு ஒன்றின் பின்னால் ‘இன்று முதல்’ என்று ஒரு சினிமா விளம்பரம், படத்தின் பெயரில் பாதியும் மூன்று தியேட்டர்களின் பெயரும் இருந்தன. படம் வெளியான தேதியைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.